வாசலில் நிற்கும் அயலார் படை

2025ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், திருமுழுக்கு யோவான் பிறப்புப் பெருவிழா. மயிலாப்பூரில் காலைத் திருப்பலியை முடித்துவிட்டுத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். கதவோரம் ஒரு தாய் தயங்கி நின்றார். அவருடைய மூத்த மகன் கத்தார் நாட்டில், அமெரிக்கப் படைகள் தங்கியுள்ள அல் உதெய்து விமானத் தளத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ்ச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறான். முந்தின இரவுதான் ஈரான் அத்தளத்தின்மேல் ஏவுகணைகளை வீசியிருந்தது. நள்ளிரவுக்குப் பின் மகன் தொலைபேசியில் அழைத்து, தான் நலமாயிருப்பதாகச் சொன்னானாம். நன்றிப் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுக்க வந்திருந்தார்.

கருத்தை எழுதிக்கொண்டேன். அவர் போகவில்லை. “சாமி, அந்த ஊர்ல பணத்துக்கா பஞ்சம்? அவங்களே பட்டாளம் வச்சுக்கக் கூடாதா? இன்னொருத்தர் பட்டாளத்தை வீட்டுக்குள்ள கூட்டி வச்சு, அவங்க சண்டையையும் சேர்த்து எதுக்கு வாங்கிக்கணும்?” என்று கேட்டார்.

“ஆண்டவர் காப்பாற்றுவார் அம்மா” என்றேன். குருக்களாகிய எங்களுக்கு இப்படிப்பட்ட விடைகள் எப்போதும் கைவசம் உண்டு. அவை பொய்யல்ல. ஆனால் கேட்ட வினாவுக்கு அவை விடையுமல்ல. அந்தத் தாய் போன பிறகும் அவருடைய வினா என்னைவிட்டுப் போகவில்லை.

வறிய நாடொன்று அயலார் படைக்கு இடம் கொடுத்தால் நாம் வியப்பதில்லை. கடன் இருக்கும், உள்நாட்டுக் கலகம் இருக்கும், வல்லரசின் மிரட்டல் இருக்கும். கையறு நிலையில் கையெழுத்திட்டார்கள் என்று இரக்கத்தோடு கடந்துவிடுவோம். ஆனால் ஜெர்மனியும் ஜப்பானும் தென்கொரியாவும் வறிய நாடுகளா? வளைகுடாவின் கத்தாரும் குவைத்தும் பொருளுக்கு ஏங்குகின்றனவா? 1945இல் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆன பின்னும், உலகின் மிகச் செழிப்பான தேசங்கள் சில, அயல்நாட்டுப் படைவீரர்களைத் தம் மண்ணில் வைத்திருக்கின்றன. தென்கொரியாவில் மட்டும் ஏறத்தாழ 28,500 அமெரிக்க வீரர்கள். ஜப்பானில் அதனினும் மிகுதி. தம் வீட்டைத் தாமே காக்கும் வலிமையுள்ளவர், பிறர் வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்துவது முறையாகுமா? இதுவே அத்தாயின் வினா. இது அரசியல் வினா மட்டுமன்று, அறநெறி வினாவும் ஆகும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே அதை மறுக்க வேண்டும் என்பது புனித தோமா அக்குவினார் எங்களுக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். அவ்வாறே செய்வோம்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் நான் குருமாணவன். ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஓரிரு நாளில் ஒரு நாடே விழுங்கப்பட்டது. அங்கு வாழ்ந்த நம்மவர்கள் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து விமானங்களில் தாயகம் திரும்பினார்கள். 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவ்வாறு அழைத்துவரப்பட்டனர். பதினைந்து ஆண்டுக் கால உழைப்பை ஒரே கைப்பையில் அடக்கிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். குவைத்தின் செல்வம் அயல்நாட்டு வங்கிகளில் பத்திரமாக இருந்தது, குவைத்துதான் இல்லை. சிறிய நாடாகவும் செல்வம் மிக்கதாகவும் இருப்பது, மதில் இல்லாத வீட்டில் நகைப்பெட்டியைத் திறந்து வைத்திருப்பது போன்றது. அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் ஒரு குவைத்துத் தாயிடம் சென்று, அயலார் காவல் உங்களுக்கு எதற்கு என்று கேட்க எனக்கு நா எழாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நேருக்கு நேர் நோக்கினால் சற்று நடுங்க வேண்டியிருக்கும். இத்தகைய தளங்களில் உள்ள வீரர்கள் எல்லா இடங்களிலும் பகைவனை வெல்வதற்காக நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். மேற்கு பெர்லினில் இருந்த நேச நாட்டுப் படை, சுற்றி நின்ற சோவியத் படையை எதிர்த்துச் சில நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே. ஆனாலும் அவர்கள் அங்கே இருக்க வேண்டியிருந்தது. ஏனெனில் அவர்களைத் தொட்டால் அவர்களுடைய நாடு போரில் இறங்கியே தீரும். அதாவது, அவர்கள் காவலர்கள் என்பதைவிடப் பிணையாக வைக்கப்பட்டவர்கள் என்பதே பொருந்தும். தன் வாக்குறுதி பொய்யன்று என்று நண்பனுக்குக் காட்ட, ஒரு வல்லரசு தன் இளைஞர்களின் உயிரை அடகு வைக்கிறது. மனிதனை ஒரு கருவியாகக் கொள்ளலாகாது என்று அறநெறி வகுப்பில் மனப்பாடம் செய்த எனக்கு இது உறுத்துகிறது. ஆனால் அந்தப் பிணையால் பெர்லினில் போர் மூளவில்லை என்பதையும் மறைக்க மனம் ஒப்பவில்லை.

எல்லாவற்றிலும் கனமான காரணம் வேறொன்று. ஜெர்மனியும் ஜப்பானும் தாமே தம்மைக் காத்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தால், அவற்றின் அண்டை நாடுகள் உறங்கியிருக்குமா? ஒவ்வொரு செல்வ நாடும் தனக்கென அணுகுண்டு வேண்டும் என்று கிளம்பியிருந்தால் உலகம் இன்று எந்நிலையில் இருக்கும்? அயலார் படை வாசலில் நின்றதால், உள்ளே இருந்தவர் வாளைக் கூர்தீட்டாமல் தொழிற்சாலை கட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், போதிய அதிகாரமுள்ள உலகளாவிய அமைப்பு ஒன்று உருவாகாதவரை நாடுகளுக்கு முறையான தற்காப்பு உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. தற்காப்பைக் கூடிச் செய்வது தனித்துச் செய்வதைவிடச் சில வேளைகளில் அமைதிக்கு உகந்தது என்று வாதிட இடமிருக்கிறது.

இந்த நியாயங்களைக் கேட்டு ஓரளவு தலையசைத்துக்கொண்டுதான் இருந்தேன். செப்டம்பர் வந்தது. 9ஆம் நாள், கத்தாரின் தலைநகரான தோகாவில் ஹமாஸ் இயக்கத் தலைவர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் இஸ்ரேல் வான்தாக்குதல் நடத்தியது. கத்தாரின் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உட்பட ஆறு பேர் மாண்டனர். அல் உதெய்து தளம் நகருக்கு அருகிலேயே இருக்கிறது. அதை நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டியது கத்தார்தான். மறுநாள் அந்தத் தாய் மீண்டும் வந்தார். இம்முறை கேட்டது ஒரே வரி: “காவக்காரன் தூங்கிட்டானா சாமி?”

காவலாளி தூங்கவில்லை. வந்தவர் காவலாளிக்கும் நண்பர். அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் விழுந்த ஏவுகணைகள் தளம் அங்கே இருந்ததால் விழுந்தவை. செப்டம்பரில் விழுந்தவை தளம் அங்கே இருந்தும் விழுந்தவை. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில்தான் நம் வினா நிற்கிறது. காவலுக்கு வந்தவரின் கண் எங்கே இருக்கிறது? நம் வீட்டின்மேலா, நம் வீட்டு மாடியிலிருந்து அவருக்குத் தெரியும் வேறு ஏதோ ஒன்றின்மேலா? ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களின் வான்படை நடவடிக்கைகள் அந்தத் தளத்திலிருந்தே நெறிப்படுத்தப்பட்டன. அரண் என்று சொல்லப்படுவது பலமுறை புறப்பாட்டு வாசலாகவும் இருக்கிறது.

திருவள்ளுவர் பிறந்த ஊர் என்று மரபு சொல்லும் மயிலையில் வாழ்பவனுக்கு ஒன்று தோன்றுகிறது. அரசனுக்கு இருக்க வேண்டிய உறுப்புகளை எண்ணும்போது அவர் படையையும் நட்பையும் அரணையும் தனித்தனியே எண்ணினார். மூன்றும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பனுடைய படையே நம் அரண் என்று ஆகும்போது, மூன்றும் ஒருவன் கையில் போய்விடுகின்றன. நட்பு முறிந்தால் மூன்றும் ஒரே நாளில் போகும்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடிக் கத்தாருக்குப் போக வேண்டியதில்லை. சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி அரைமணிக்கு மேல் நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை வந்துவிடும். பழைய கட்டடம், மரங்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. கிரிக்கெட் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 1768இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அதைக் கட்டினார். ஆர்க்காட்டின் அதிபதி ஆர்க்காட்டில் இல்லாமல், ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் வந்து ஏன் குடியேறினார் என்பதிலேயே கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. திருச்சிராப்பள்ளியில் முற்றுகையிடப்பட்டுக் கிடந்தவரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை 1752இல் காப்பாற்றியது. காப்பாற்றியது உண்மை, அதை மறுக்கலாகாது. ஆனால் பட்டியல் பின்னால் வந்தது. போரின் செலவு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. பின்னர் கோட்டைகளில் தங்கிய படைகளின் சம்பளமும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. அவர் வறியவர் அல்லர். தென்னாட்டின் வளமான ஆற்றுப்படுகைகள் பலவற்றின் வரி அவருக்கு உரியது. செல்வமிக்க நட்பு அரசர் என்பதுதான் கம்பெனி அவரை விடாமல் பற்றிக்கொண்டதற்குக் காரணம். தவணை கட்டப் பணமில்லாத மாதங்களில் கம்பெனியின் அலுவலர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்டு என்பவர் அவர்களுள் பேர்பெற்றவர். கடனுக்கு ஈடாக ஊர்களின் நிலவரி எழுதி வாங்கப்பட்டது. கடைசியில் அந்த வட்டியைக் கட்டியவன் செங்கற்பட்டிலும் ஆர்க்காட்டிலும் ஏர் பிடித்த உழவன். 1785 பிப்ரவரியில் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் எழுந்து இந்தக் கடன்களின் அநீதியை மணிக்கணக்கில் எடுத்துரைத்தார். எடுத்துரைத்ததோடு சரி.

இவ்வளவு கொடுத்தும் பாதுகாப்பாவது கிடைத்ததா? 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசலுக்கே வந்து உடன்படிக்கை எழுதச் செய்தார். 1780இல் அவருடைய படை கர்நாடகச் சீமை முழுவதையும் எரித்துக்கொண்டு வந்தது. பொள்ளிலூரில் கம்பெனிப் படைப்பிரிவு ஒன்று அழிந்தது. வேறொன்றையும் சொல்ல வேண்டும். வாடகைப் படை வாசலில் நின்றதால் நவாபுக்கும் துணிச்சல் வந்திருந்தது. 1773இல் கம்பெனிப் படையைக் கொண்டு தஞ்சாவூரைப் பிடித்தார். மூன்று ஆண்டுகளில் கம்பெனியே அதை மராட்டிய அரசருக்குத் திருப்பிக் கொடுத்தது. பிறர் தோளில் ஏறி நிற்பவனுக்குத் தன் உயரம் மறந்துபோகும்.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, படைச் செலவுக்காக ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் கட்ட வேண்டும். போர் வந்தால் நாட்டின் நிருவாகமே கம்பெனியிடம் போய்விடும். 1795இல் முகமது அலி இறந்தார். அவர் மகன் உம்தத்-உல்-உமரா 1801 ஜூலையில் மரணப் படுக்கையில் இருந்தபோதே, ஒழுங்கைக் காப்பதற்காக என்று சொல்லிக் கம்பெனி வீரர்கள் அரண்மனை வாயிலில் வந்து நின்றார்கள். அம்மாத இறுதியில் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கு ஆயிற்று. அரச குடும்பத்துக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர், 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையில் முகமது அலிக்காகப் போரிட்ட இராபர்ட் கிளைவின் மகன். தந்தை காவலுக்கு வந்தார். மகன் வீட்டை எடுத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டு இடைவெளி.

நவாபுகளைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. நம் முன்னோரைப் பற்றியும் பேச வேண்டும் அல்லவா?

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1530களில் தம் முத்துச் சலாபங்களுக்கு வந்த ஆபத்திலிருந்து காக்க வேண்டிப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினார்கள். துணையோடு திருமுழுக்கும் வந்தது. அந்த நம்பிக்கை பின்னர் வேரூன்றித் தழைத்தது என்பதற்கு இன்றைய தூத்துக்குடியே சான்று. ஆகவே அதன் தொடக்கத்தை நான் இகழவில்லை. ஆனால் 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதங்களில், அம்மக்களைக் காக்க வந்த போர்ச்சுக்கீசிய அதிகாரிகளே அவர்களைத் துன்புறுத்தியது குறித்த வேதனை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. 1545இல் அவர் நம் சாந்தோமில் வந்து தங்கிப் புனித தோமையாரின் கல்லறையில் செபித்தபோது, இந்த வேதனையையும் சுமந்துதான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1549இல் இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள வேதாளையில் நடந்தது இன்னும் துலக்கமானது. அங்கிருந்த சிறிய போர்ச்சுக்கீசியக் காவற்படை அகழி வெட்டி, கோயிலுக்குப் போகும் இந்து யாத்திரிகர்களிடம் சுங்கம் பிடுங்கியது. சினமுற்ற வடுகர் படை திரண்டு வந்தது. போர்ச்சுக்கீசிய வீரர்கள் கடலில் நின்ற படகுகளுக்கு ஓடினார்கள். அங்கே பணியாற்றிய இத்தாலியக் குரு அந்தோனியோ கிரிமினாலி, பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றிவிடக் கரையில் அலைந்தார், தாம் ஏறவில்லை. ஈட்டியால் குத்தி அவரைக் கொன்றார்கள். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைப் போற்றுகிறோம். அவர் இறந்தது எதற்காக என்று எண்ணிப் பார்க்கிறோமா? காவலுக்கு வந்தவர்கள் செய்த அநியாயத்துக்கு, காவலுக்கு வராதவர் விலை கொடுத்தார். ஆபத்தைக் கொண்டுவந்தவர்களுக்குப் படகு இருந்தது. கரையில் பிறந்தவர்களுக்குக் கரைதான் இருந்தது.

விவிலியம் இந்த வினாவை அறியாததன்று. யூதாவின் அரசன் ஆகாசு, சிரியாவும் வட இஸ்ரயேலும் கூட்டுச் சேர்ந்து தன்மேல் வந்தபோது, ஆண்டவரின் இல்லத்திலிருந்த பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அசீரிய அரசன் திக்லத்பிலேசருக்கு அனுப்பி, தான் அவனுடைய பணியாளனும் மகனும் என்று தூதனுப்பினான். அசீரியன் வந்தான், பகைவர் ஒழிந்தனர். பிறகு ஆகாசு தமஸ்குவுக்குப் போய் அங்கே கண்ட பலிபீடத்தின் சாயலில் எருசலேமில் ஒன்று கட்டச் செய்தான். படையை வரவழைப்பவன் நாளடைவில் பீடத்தையும் வரவழைக்கிறான். இதே நெருக்கடியில்தான் எசாயா அவனிடம் சென்று அஞ்சாதே என்றார். இம்மானுவேல் என்னும் அடையாளமும் அப்போதுதான் கொடுக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நாம் உருக்கத்தோடு வாசிக்கும் அந்த வாக்கு, அயலார் படையை அழைக்கலாமா என்று தடுமாறிய ஓர் அரசனுக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நானும் நெடுநாள் கவனிக்கவில்லை.

ஆனால் விவிலியம் ஒரே குரலில் பேசவில்லை. கி.மு. 63இல் உடன்பிறந்தார் இருவரின் அரியணைச் சண்டையில் உரோமைத் தளபதி பொம்பேயு யூதேயாவுக்குள் வந்தான். அவன் பின்னால் வந்த ஆட்சி போகவேயில்லை. கோவிலை ஒட்டிய அந்தோனியா கோட்டையிலிருந்து உரோமைக் காவற்படை திருவிழாக் கூட்டங்களைக் கண்காணித்தது. அந்தப் படையின் வீரர்கள்தாம் நம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதே கோட்டையிலிருந்து இறங்கி வந்த வீரர்கள்தாம், கோவிலில் பவுலடியாரை அடித்துக் கொல்ல முயன்ற கூட்டத்திடமிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். கப்பர்நாகூமில் யூதர்களுக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவரும் ஒரு நூற்றுவர் தலைவரே. அவருடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு வியந்தார். யோர்தான் கரையில் படைவீரர்கள் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, திருமுழுக்கு யோவான் அவர்களை ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியம் போதும் என்றிருங்கள் என்றார். இந்த விடை மிகச் சிறியது என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. வேதாளையில் இருந்தவர்கள் இந்தச் சிறிய விடையைக் கேட்டிருந்தால் கிரிமினாலி பிழைத்திருப்பார்.

அப்படியானால் அளவுகோல் எது? எங்களுக்கு அறநெறி கற்பித்த ஒரு முதிய குரு, எந்த உடன்படிக்கையைப் பற்றிப் பேசினாலும், ‘இதில் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் யார்?’ என்று கேட்பார். இலங்கை 1947இல் பிரிட்டனோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. பண்டாரநாயக்கா வேண்டாம் என்றார். 1957இல் தளம் ஒப்படைக்கப்பட்டது. 1991இல் பிலிப்பீன்ஸ் மேலவை 12க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. மறு ஆண்டு சூபிக் துறைமுகம் காலியாயிற்று. பின்னர் சீனாவின் அச்சம் எழுந்தபோது, 2014இல் அதே நாடு அதே விருந்தினரை வரையறைகளோடு மீண்டும் அழைத்தது. இதை முரண்பாடு என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்தவும் திறக்கவும் முடிந்தால் அது வீடு. நவாபினால் சாத்த முடியவில்லை. கடன்பட்டிருந்தார்.

நாமும் ஒருமுறை அயலார் படையாக இருந்திருக்கிறோம். 1987இல் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. அந்நாட்டு அதிபர் ஜெயவர்த்தனா அழைப்பின் பேரில், தமிழ் மக்களைக் காக்கும் நோக்கத்தோடு சென்றது. யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலையிட்டு வரவேற்றனர். சில மாதங்களில் அந்த மாலை கருகியது. காக்கச் சென்றவர் கையால் குடிமக்கள் இறந்தனர். நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் அங்கே மாண்டனர். அடுத்த அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் படை வெளியேறியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. அந்த வீரர்களின் தாய்மார்களை நினைத்து நான் வருந்தியதுண்டு. யாழ்ப்பாணத்துத் தாய்மார்களை நினைத்தும். நல்ல நோக்கம் என்பது எவ்வளவு மெல்லிய துணி என்று அந்த மூன்று ஆண்டுகள் காட்டின. ஆனால் போகச் சொன்னபோது போனோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல வாயே இல்லாதவர்களும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் தியேகோ கார்சியா தீவு இருக்கிறது. அங்கு அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்கள் அனைவரையும் பிரிட்டன் அப்புறப்படுத்தியது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், தென்னிந்தியத் தொழிலாளர் வழிவந்தவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு நாடுகளும் செல்வ நாடுகள், நட்பு நாடுகள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. விலை கொடுத்தவர்கள் மூன்றாமவர். 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் அத்தீவுகளை மொரீசியஸிடம் ஒப்படைக்க வேண்டும் எனக் கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கையோ தளத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. 2021இல் படகு பழுதாகி அங்கே கரையேறிய இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளோடு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலியிட்ட கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அது சட்டத்துக்குப் புறம்பான தடுப்புக்காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜப்பானில் உள்ள அமெரிக்கத் தளங்களுக்கெனத் தனியே ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒக்கினாவாவில் இருக்கிறது. ஒக்கினாவாவோ அந்நாட்டு நிலப்பரப்பில் 0.6 விழுக்காடு. தோக்கியோவில் இருப்பவருக்குப் பாதுகாப்பு. ஒக்கினாவாவில் இருப்பவருக்கு விமான இரைச்சல்.

ஆகவே அந்தத் தாயின் வினாவுக்கு என் விடை அவர் எதிர்பார்த்த திசையில் செல்லவில்லை. செல்வம் இருப்பதால் அயலார் படையை வைத்திருப்பது குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குவைத்தின் ஆகஸ்டு அதற்குத் தடை நிற்கிறது. ஆனால் செல்வம் ஒரு சாக்கைப் பறித்துவிடுகிறது. வறியவன் வேறு வழியில்லை என்று சொல்லலாம். செல்வன் சொல்ல முடியாது. அவனுக்கு வேறு வழி உண்டு. தெரிந்தே இதைத் தேர்ந்துகொண்டான். எனவே தன் வாசலிலிருந்து புறப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் அவன் கணக்குக் கொடுக்க வேண்டும். தன் மகனுக்குப் பதிலாகப் பிறர் மகனை நிறுத்தி, அந்த மகனுக்குச் சோறு சமைக்க மூன்றாவது ஒருவன் மகனை அழைத்து வைத்திருக்கிறானே, அவனுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். அனுப்பிய வல்லரசும், வந்த காரணம் தீர்ந்த பிறகும் ஏன் இருக்கிறேன் என்று தன்னையே கேட்க வேண்டும். தளம் இருப்பதற்கு அச்சம் தேவை. ஆகவே தளம் இருக்கும் இடத்தில் அச்சத்துக்கு நாள்தோறும் உணவு ஊட்டப்படுகிறது. உண்மையான சமாதானம் படைகளின் சமநிலையில் இல்லை, ஒருவர் மேல் ஒருவர் கொள்ளும் நம்பிக்கையில்தான் இருக்கிறது என்று திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் ‘அவனியில் அமைதி’ மடலில் கற்பித்தார். அந்த நம்பிக்கையைக் கட்டும் வேலைக்கு, படைத்தளங்கள் வாங்கித் தந்த 80 ஆண்டுகள் முழுவதையும் செலவிட்டோமா? ஜெர்மனியும் பிரான்சும் ஓரளவு செலவிட்டன. இன்று அவர்கள் எல்லையைக் கடப்பவருக்கு எல்லை எங்கே என்றே தெரிவதில்லை. வளைகுடாவில் அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. கொரியாவில் கம்பிவேலி இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் நான் இப்படிச் சொல்லவில்லை. அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிறன்று வந்தார். மகனைத் திரும்பி வரச் சொல்லலாமே என்றேன். தங்கையின் திருமணக் கடன் இன்னும் அடையவில்லை. ஒப்பந்தத்தை மேலும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டான் என்றார். பிறகு, “அங்க இருக்கிற பட்டாளத்துப் பசங்கல்லாம் பத்தொம்பது, இருபது வயசுதான் சாமி. ஞாயித்துக்கெழமை கோழி செஞ்சா ரெண்டாவது வாட்டி வந்து நிப்பாங்களாம். எம் பையன் சொல்றான். அவங்க அம்மாவும் பூசைக்கு எழுதிக் குடுத்திருப்பாங்க இல்ல? இருந்தாலும் நம்ம கருத்துல அவங்களையும் சேத்து எழுதிக்குங்க” என்றார்.

பெயர்கள் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். பூசைக் கருத்துப் புத்தகத்தில் அவர் மகனுடைய பெயரை எழுதி, அதன் கீழே, ‘உடன் உண்போர்’ என்று எழுதிக்கொண்டேன்.